எந்த இனம், என்ன நோவு?

நாமக்கல் பண்ணைகளில் ஒரு முட்டைக்கோழிக்கு வாய்க்கும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. 18, 19 வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. 72 வாரம் வரை, நன்றாக இட்டால் 80 வாரத்தைத் தாண்டியும் இட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குள் 300 முட்டைக்கு மேல் கொடுத்துவிடும். பிறகு தின்கிற தீவனத்துக்கு இடுகிற முட்டை கட்டாது என்று கணக்கு சொல்லும் நாள் வரும். அன்றைக்கு ஷெட்டே காலியாகும். நாளிதழில் முட்டை விலைக்குப் பக்கத்தில் ‘முட்டைக்கோழி கிலோ இவ்வளவு’ என்று ஒரு வரி வருகிறதே, அது இந்தக் கோழிகளின் விலை.

லாரியில் ஏறாமல் தப்புகிறவையும் உண்டு. காட்டில் விட்டு வளர்த்துக்கொள்ளலாம் என்று பத்து, இருபது வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரக்கப்பட்டு வாங்குகிறவர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள். பண்ணைக் கோழி மட்டும்தான் இப்படி வந்து சேரும் என்றில்லை. 2012இல் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமு வளர்ப்புத் திட்டங்கள் கவிழ்ந்தபோது, கைவிடப்பட்ட ஈமுக்களுக்குத் தீனி போடும் வேலை அரசின் தலையில் விழுந்தது. அதே சூட்டில் ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் முளைத்திருந்த நாட்டுக்கோழி ஒப்பந்த வளர்ப்பு நிறுவனங்கள் சிலவும் கடையைச் சாத்தின. கொட்டகையும் கோழியும் விவசாயி கையில் நின்றன, தீவனம் மட்டும் வரவில்லை. 2020 மார்ச்சில் கோழியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி கிளம்பியபோது முட்டையும் கறியும் விலையற்றுப் போயின. கிடைத்த விலைக்குக் கோழிகளைத் தள்ளிவிட்டவர்கள் பலர். இவை போக, பொங்கலை ஒட்டிச் சேவற்சண்டைக் களங்களில் போலீஸ் பிடிக்கும் சேவல்கள். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது குற்றம். பிடிபட்ட சேவலோ வழக்குச் சொத்து. அது உயிரோடு இருந்தாக வேண்டும்.

ஆகவே சேலம், நாமக்கல் சமவெளியில் ‘மீட்ட கோழிகள்’ என்று ஓரிடத்தில் சேர்பவை ஒரே மாதிரி இருப்பதில்லை. வெள்ளை லேயர் (பண்ணை முட்டைக்கோழி) பத்து, கழுத்து நீண்ட சண்டைச் சேவல் ரெண்டு, சிறிய நாட்டுக்கோழியான சிறுவிடைப் பெட்டைகள் சில, எங்கோ தப்பி வந்த பிராய்லர் ஒன்று, கருங்கோழி ஒன்று. இப்படி ஒரு கூட்டம் உங்கள் பொறுப்புக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மருந்துக்கடைக்கு ஓடத் தோன்றும். அதற்கு முன்னால் ஒவ்வொரு கோழியையும் கையில் எடுத்து, இது என்ன இனம் என்று பார்த்தாக வேண்டும். இனம் கேட்பது ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் வைத்தியம் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு இனத்திடமும் மனிதன் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறான். எதைக் கேட்டானோ அந்த இடத்தில்தான் அந்த உடம்பு முதலில் உடைகிறது.

*

மூக்கிலிருந்து தொடங்கலாம். மேல் அலகு நுனி மழுங்கி, கீழ் அலகைவிடக் குட்டையாக இருந்தால் அந்தக் கோழி பண்ணையிலிருந்து வந்தது. அதில் சந்தேகமே வேண்டாம். நெரிசலான கூண்டில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே அலகு நுனியைச் சூடான தகட்டில் வெட்டிவிடுவார்கள். புறக்கடையில் வளரும் நாட்டுக்கோழிக்கு யாரும் இதைச் செய்வதில்லை. அலகு வெட்டிய கோழியால் தரையில் கிடக்கும் ஒற்றை மணியைப் பொறுக்க முடியாது. இரும்புத் தகட்டில் மெல்லிசாகத் தூவிய கம்பை அது கொத்திக்கொண்டே இருக்கும், வயிறு மட்டும் நிறையாது. ஆழமான தட்டில், இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தீவனம் நிரப்பி வைக்க வேண்டும். இனம் பார்த்ததால் கிடைக்கும் முதல் லாபம் இது.

அடுத்தது கொண்டை. நாமக்கல் லேயர்களின் மூலம் வெள்ளை லெகார்ன். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து அமெரிக்கா போய், அங்கே முட்டைக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டு, பல கலப்புகளுக்குப் பின் இங்கே வந்தது. ஒற்றை வரிசையாக நிமிரும் பல்லுக் கொண்டை, வெள்ளைக் காதுமடல், மஞ்சள் கால், ஒன்றரைக் கிலோ உடம்பு. கூண்டுக் கோழியின் கொண்டை பெரிதாக வளர்ந்து, வெளிறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணை மறைக்கும். கால் நகங்கள் நீண்டு வளைந்திருக்கும், கீறித் தேய்க்க மண் கிடையாதல்லவா.

சண்டைச் சேவலின் கொண்டை வேறு சாதி. பெருவிடை, அசில் இனங்களின் தலையில் தடவிப் பார்த்தால் மூன்று சிறு மேடுகள் வரிசையாகத் தட்டுப்படும். பட்டாணிக் கொண்டை என்பார்கள். தாடி பெயருக்குத்தான் இருக்கும். எதிரி கவ்விப் பிடிக்க எதுவும் இல்லாத தலை. கோழிக் கொண்டை மெண்டல் விதிப்படி மரபுவழி வருகிறது என்று இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் 1902இல் காட்டினார். மெண்டல் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதற்குக் கிடைத்த முதற்சான்றுகளில் அது ஒன்று. பட்டாணிக் கொண்டைக்குக் காரணம் சாக்ஸ்5 என்னும் மரபணுவில் ஒரு துண்டு பல படிகளாகப் பெருகியிருப்பதுதான் என்பது 2009இல் தெரிந்தது. இந்தச் சமவெளிக்குரிய இன்னொரு அழகு, கிளிமூக்கு விசிறிவால். அலகு கிளியைப் போல் குறுகி வளைந்து, வால் நீண்டு விரிந்திருக்கும். சண்டைக்கு வராத அசில். கண்காட்சிகளில் நடந்துகாட்டி ஆயிரங்களில் விலை போகும்.

கழுத்தில் சிறகில்லாத கோழியைப் பார்த்தால் பதறிவிடக் கூடாது. கூண்டில் கொத்துப்பட்டுக் கழுத்து மொட்டையான லேயரும் உண்டு, பிறவியிலேயே அப்படியான கழுத்தறுத்தானும் உண்டு. கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கொத்துப்பட்ட தோலில் ஒடிந்த இறகுத் தண்டுகள் முள்முள்ளாய் நிற்கும், எல்லை ஒழுங்கற்று இருக்கும், காய்ந்த ரத்தப் பொட்டுகள் தெரியும். கழுத்தறுத்தானின் தோல் வழுவழுப்பாய்ச் சிவந்து, சிறகு தொடங்கும் இடம் கோடு போட்டாற்போல் இருக்கும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2011இல் எடின்பரோ ஆய்வாளர்கள் கண்டார்கள். கருவிலேயே ஒரு புரதம் மிகையாகச் சுரந்து, கழுத்துப் பகுதியில் இறகு முளைக்கவிடாமல் தடுத்துவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு இது வசதி. கோழிக்கு வேர்வைச் சுரப்பி இல்லை. வெறுங்கழுத்து வழியாகச் சூடு வெளியேறுகிறது. சித்திரை வெயிலில் லேயர் வாயைப் பிளந்து இரைக்கும்போதும் கழுத்தறுத்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

கருங்கோழி என்று இங்கே விற்பது பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத். 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது. தோல், இறைச்சி, எலும்பின் மேலுறை வரை கறுப்பு. இடிஎன்3 மரபணு இருக்கும் பகுதி இரட்டித்ததால் நிறமிச் செல்கள் உடம்பெங்கும் பரவிவிட்டன. இதனால் வைத்தியனுக்கு ஒரு தொல்லை உண்டு. கொண்டை வெளிறினால் ரத்தசோகை, நீலம் பாரித்தால் மூச்சுத் திணறல் என்று மற்றக் கோழிகளில் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கடக்நாத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. மூச்சு எண்ணியும் எடை பார்த்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

*

இப்போது லேயரின் மஞ்சள் காலுக்கு வருவோம். அந்தக் காலில் ஒரு நாட்குறிப்பே எழுதியிருக்கிறது.

மஞ்சள் தோல் உள்ள கோழி முட்டையிடத் தொடங்கியதும், தீனியிலிருந்து வரும் மஞ்சள் நிறமி கருவுக்குத் திருப்பிவிடப்படுகிறது. அதனால் தோலின் மஞ்சள் படிப்படியாக வெளுக்கும். முதலில் எச்சத்துவாரத்தைச் சுற்றி, அடுத்துக் கண் வளையம், காதுமடல், பிறகு அலகு அடியிலிருந்து நுனி நோக்கி, கடைசியாகக் கால். முட்டை நின்றால் இதே வரிசையில் மஞ்சள் திரும்ப ஏறும். கால் முழுக்க வெளுத்திருந்தால் மாதக்கணக்கில் விடாமல் இட்ட கோழி. அலகின் அடியில் மஞ்சள் ஏறி நுனி இன்னும் வெளுப்பாக இருந்தால் இடுவதை நிறுத்திச் சில வாரம் ஆகிறது. பண்ணைப் பதிவேடு இல்லாமலேயே இவ்வளவும் தெரிந்துவிடும்.

இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் ஒரே மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான் என்று டார்வின் 1868இல் எழுதினார். பெருமளவுக்கு அது சரி. 863 கோழி மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வும், தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பக்கத்துச் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்தே வீட்டுக்கோழி பிறந்தது என்றது. ஆனால் அந்தக் காட்டுக்கோழியின் தோல் மஞ்சள் இல்லை. தோலில் நிறமியைச் சிதைக்கும் பிசிடிஓ2 என்ற மரபணுவின் மந்தமான வடிவம் இருந்தால்தான் கால் மஞ்சளாகும். அந்த வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலப்பால் வந்தது என்று 2008இல் ஸ்வீடனின் உப்சாலா குழு கண்டது. சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டும், அதுவும் தெற்கு, மேற்கு மலைக்காடுகளில்தான் பெரிதும் வாழ்வது. நாமக்கல்லிலிருந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையிலும் அதன் கூவலைக் கேட்கலாம். உலகம் சுற்றி வந்த லெகார்னின் கால் நிறம் தென்னிந்தியக் காட்டுச் சொத்து.

*

கூண்டிலிருந்து வந்த லேயரைக் கையில் எடுத்ததும் எடை இல்லாதது மாதிரி இருக்கும். மார்பெலும்பு கத்தி விளிம்பாய் உறுத்தும். விரலை அதன் நெடுகிலும் ஓட்டிப் பாருங்கள். வளைந்தோ முடிச்சு விழுந்தோ இருந்தால் முன்பே முறிந்து கூடிய எலும்பு. பிரிட்டனில் கிரிகோரியும் வில்கின்ஸும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், கூண்டுக் கோழிகளில் 29 விழுக்காட்டுக்கு வெட்டப்படும் முன்பே ஏதோ ஓர் எலும்பு உடைந்திருந்தது. கூண்டிலிருந்து காலைப் பிடித்து இழுக்கும்போது முறிந்தவை அதில் நிறைய. மீட்கப் போகிறவர்களும் கோழியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தூக்குவதை முதலில் நிறுத்த வேண்டும். இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்கினால் போதும்.

எலும்பு ஏன் இப்படி ஆகிறது? ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் சேர்ந்து இருப்பது 20 கிராம்தான். ஆண்டுக்கு 300 முட்டை என்றால் தன் எலும்பில் உள்ளதைப்போல் முப்பது மடங்கு கால்சியம் அந்தச் சின்ன உடம்பு வழியாக ஓடியிருக்கிறது. இதற்கென்று பறவைகளுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. முட்டையிடத் தொடங்குவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலால் நீண்ட எலும்புகளின் உட்குழிவில் புதிதாக ஒரு மென்னெலும்பு வளரும். இரவில் ஓடு உருவாகும்போது குடலில் கால்சியம் போதாவிட்டால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், பகலில் திரும்ப நிரப்பும். (இதே திசுவை டைரனோசாரஸ் ரெக்ஸின் தொடையெலும்பில் மேரி ஷ்வைட்சர் 2005இல் கண்டு, அது முட்டையிடும் பருவத்துப் பெண் என்று சொன்னார். டைனோசருக்கும் கோழிக்கும் உள்ள உறவை நெருக்கமாகக் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று.) தொல்லை என்னவென்றால், முட்டையிடும் காலம் முழுக்க மென்னெலும்புதான் கட்டப்படுகிறது, உடம்பைத் தாங்கும் கெட்டியெலும்பு கரைவதோடு சரி. வருடம் முழுக்க இடைவெளியில்லாமல் இட்டால் கெட்டியெலும்பு மெலிந்துகொண்டே போகும்.

அப்படியானால் மருந்து எது? முட்டை நிற்பதுதான். பண்ணையில் லேயருக்கு நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம், விளக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். தோட்டத்துக்கு வந்ததும் அது 12 மணி சொச்சமாகக் குறைகிறது. கோழி இடுவதை நிறுத்தி, சிறகுதிர்க்கத் தொடங்கும். வாங்கி வந்தவர் இங்கேதான் கலங்கிப்போவார். வரும்போது இட்டுக்கொண்டிருந்த கோழி முட்டையை நிறுத்தி, சிறகும் கொட்டி, பார்க்கச் சகிக்காமல் நிற்கிறது, ஏதோ நோவு என்று டானிக் வாங்கி ஊற்றுவார். விளக்கும் போட்டுவிடுவார். செய்யக் கூடாதது அதுவே. முட்டை நின்ற அந்த வாரங்களில்தான் கெட்டியெலும்பு திரும்பக் கட்டப்படுகிறது. இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம் என்பதால் அப்போது வேண்டியது புரதத் தீனி. இந்தப் பக்கத்துப் பழைய வழி இருக்கவே இருக்கிறது: மண்பானையில் காய்ந்த சாணி, கந்தல் சாக்கு, ஓலைத் துண்டுகள் போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறையக் கரையான். கருவாட்டுத் தூளும் ஆகும். கிளிஞ்சலைத் தனித் தட்டில் சாயங்காலம் வையுங்கள். பெரிய துணுக்குகள் இரைப்பைக்குள் தங்கி, ராத்திரி ஓடு உருவாகும் நேரம் பார்த்து மெல்லக் கரையும்.

பிராய்லருக்கு இதே பரிவு ஆகாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005ஆம் ஆண்டு வம்சக் கோழிகளை ஒரே தீனியில் வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் எடை முறையே 905, 1808, 4202 கிராம். அந்த வேகத்துக்கு இதயமும் காலும் ஈடுகொடுக்க முடியவில்லை. தப்பிய பிராய்லருக்கு வயிறார வைத்தால் வயிற்றில் நீர் கோத்தோ மாரடைத்தோ போய்விடும். அளந்து, கொஞ்சம் குறைத்துப் போட்டு, நடக்க வைத்தால் சில காலம் இருக்கும். லேயர் மெலிந்திருந்தால் தீனியைக் கூட்டு, பிராய்லர் கொழுத்திருந்தால் குறை. இனம் தெரியாமல் ஒரே தட்டில் வைத்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் கெடும்.

*

வந்த கூட்டத்தில் ஒரு கோழி எழுந்து நிற்கவில்லை. என்ன காரணம்?

கண் தெளிவாக இருக்கிறது, தீனியை அருகில் வைத்தால் கொத்துகிறது, ஆனால் பக்கவாட்டில் சாய்ந்தே கிடக்கிறது, அதுவும் வெள்ளை லேயர் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கால்சியம் வற்றிய கூண்டுச் சோர்வை. இளம் கோழி, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மாரெக் நோய். ஹங்கேரியின் யோசெஃப் மாரெக் 1907இல் விவரித்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு, தலை தலைகீழாகத் திரும்பினால் வெள்ளைக்கழிச்சலில் செத்துப் பிழைத்ததாக இருக்கலாம். விரல்கள் உள்பக்கமாகச் சுருண்ட குஞ்சுக்கு பி2 வைட்டமின் குறை. தலை பின்னோக்கி வளைந்து வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் பி1 குறை.

கடைசியாகச் சொன்னது மருத்துவ வரலாற்றின் போக்கையே மாற்றிய நோய். 1890ஐ ஒட்டி ஜாவாவின் பட்டாவியா நகர ராணுவ மருத்துவமனையில் கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரிக்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். ஆய்வகக் கோழிகளுக்குத் திடீரென்று கால் விளங்காமல் போயிற்று, சில மாதத்தில் தானாகவே சரியும் ஆயிற்று. விசாரித்தால், இடையில் கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறு போயிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைச் சிவிலியன் கோழிக்குத் தர மறுத்துவிட்டார். தவிட்டோடு கூடிய அரிசி வந்தது, நோய் போனது. அந்தக் கோழிகளிலிருந்து தொடங்கிய தேடல் வைட்டமின் என்ற கருத்துக்கு வழிவிட்டு, 1929இல் ஐக்மானுக்கு நோபல் பரிசில் பங்கும் வாங்கித் தந்தது. இங்கே மீட்ட கோழிகளுக்கு ரேஷன் அரிசியும் மிச்சச் சோறும் மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் அதே சோதனையைத் தெரியாமல் திரும்ப நடத்துகிறார்கள். கூடவே ஒரு பிடி தவிடும் கம்பும் சோளமும் போட்டால் தீர்ந்தது. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் கோழிக்குத்தானே என்று கொட்டிவிடக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளைக் கொன்றது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது.

செத்துப் போகிற கோழியையும் வீணாக்க வேண்டாம். அழுகுமுன் ஐஸ் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். 1985இல் தொடங்கிய கல்லூரி. சுற்றியுள்ள பண்ணைகளால் கோழி நோய்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய இடம். ஒரு கோழியின் பிரேதப் பரிசோதனை மீதி இருபதைக் காப்பாற்றும்.

*

தொற்று விஷயத்தில் நம் உள்ளுணர்வு நேர்மாறாகச் சொல்கிறது. நாட்டுக்கோழியின் கண்ணைச் சுற்றிச் செள்ளு அப்பியிருக்கும், கால் செதில் தூக்கிக்கொண்டு சொறி பிடித்திருக்கும், எச்சத்தில் புழு நெளியும். லேயர் வெள்ளை வெளேரென்று சுத்தமாக நிற்கும். எனவே நாட்டுக்கோழியிடமிருந்து லேயரைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றும். நாட்டுக்கோழி கொண்டுவருவது கண்ணுக்குத் தெரிகிறது, மருந்துக்கும் கேட்கிறது. குடற்புழுவுக்கு மருந்துண்டு. செதில்காலுக்குள் குடைந்திருக்கும் சிற்றுண்ணியை எண்ணெய் பூசி மூச்சடைக்க வைக்கலாம். கூரைத் தட்டி இடுக்கில் பகலில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணியை டார்ச் அடித்துத் தேடலாம்.

லேயர் கொண்டுவருவது தெரியாது. பண்ணைக் கோழிக்கு மாரெக் முதல் வெள்ளைக்கழிச்சல் வரை வரிசையாகத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அது நோயைத் தடுக்கும், கிருமி உள்ளே நுழைவதையும் வெளியேறுவதையும் முழுதாகத் தடுக்காது. ஆண்ட்ரூ ரீட் குழு 2015இல் காட்டியபடி, மாரெக் தடுப்பூசி போட்ட கோழி கொடிய வைரஸை நாள்கணக்கில் வெளியே விட்டுக்கொண்டே நலமாக உலாவும், பக்கத்தில் இருக்கும் தடுப்பூசி போடாத கோழி செத்துவிடும். நெரிசலான ஷெட்டுகளில் பரவும் சளி நோய்க் கிருமியான மைக்கோபிளாஸ்மாவும் அப்படித்தான். ஒருமுறை பிடித்தால் ஆயுளுக்கும் உடம்பில் தங்கும். ஆகவே தனிமையில் வைக்க வேண்டியது முக்கியமாக அந்த வெள்ளைக் கோழியைத்தான். முப்பது நாள், வேறு தண்ணீர்ப் பாத்திரம், வேறு செருப்பு. அதற்குள் நாட்டுக்கோழிகளுக்குப் புழு நீக்கி, ஒரு வாரம் விட்டுத் தடுப்பூசி.

வெள்ளைக்கழிச்சலுக்கு வந்தபின் மருந்து இல்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1926இல் அடையாளம் கண்ட நோய். அடுத்த ஓரிரு ஆண்டிலேயே இந்தியாவில் ராணிக்கேட்டில் தென்பட்டு, இந்தியா முழுக்க அந்த ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்டது. ஐயரும் டாப்சனும் 1940இல் தடுப்பூசிக்கு வழி கண்டார்கள். இன்று நமக்கு ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. புறக்கடைக் கோழிகளுக்காகக் கால்நடைத்துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். கோடை ஏறுமுன் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

*

தனிமை முடிந்து ஒன்றாக விடும்போது ரத்தம் வருமளவு கொத்திக்கொள்ளும். நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பெ சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு படிவரிசை இருக்கிறது என்று 1920களின் தொடக்கத்தில் எழுதினார். புது வரவு வந்ததும் அந்த வரிசை கலைந்து மறுபடி அமைய வேண்டும். கம்பிவலைக்கு இருபுறமும் சில நாள் பார்க்க வைத்து, பிறகு இருட்டிய பின் கூட்டில் ஏற்றிவிட்டால் சண்டை குறையும். இரண்டு மூன்று இடத்தில் தீனி வைத்தால் தோற்றதும் தின்னும். பெருவிடைச் சேவல்கள் இதற்கு விதிவிலக்கு. அவற்றுக்கு வரிசை அமைப்பதென்றால் ஒன்று விழ வேண்டும். ஒவ்வொன்றும் தனிப் பஞ்சாரத்தில், ஒன்றையொன்று பார்க்காத தூரத்தில்தான் கிடக்க வேண்டும், கடைசி வரை.

செம்மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு மூலையில் கொட்டி வையுங்கள். கூண்டிலேயே வளர்ந்த கோழி மண்ணைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கம்பித் தரையில் நின்றபடியே மண்குளியல் அசைவுகளைச் செய்து வந்திருக்கும். நிஜ மண்ணில் முதலில் தயங்கி ஒரு காலை வைக்கும், கீறும், பிறகு பக்கவாட்டில் சரிந்து சிறகுக்குள் மண்ணை அள்ளிப்போட்டுக்கொள்ளும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பேனும் உதிரும்.

உடம்பு தேறிச் சிறகு முளைத்த பிறகு லேயர்கள் வாரத்துக்கு மூன்று, நாலு என்று மறுபடி முட்டையிடத் தொடங்கும். (மருந்து கொடுத்திருந்தால் மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்த முட்டையைத் தின்ன வேண்டாம்.) கூட்டத்தில் சேவல் இருந்தால் கருக்கூடும். ஆனால் லெகார்ன் அடையில் உட்காராது. அடைக்கு உட்காரும் நாளில் முட்டை நின்றுவிடும் என்று தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தையே கழித்துக்கட்டிவிட்டார்கள். சிறுவிடைக்குத்தான் அடை வைக்க வேண்டும். லெகார்னின் வெள்ளை ஓங்கு பண்பு என்பதால், பெருவிடைச் சேவலுக்குப் பிறந்த குஞ்சும் பெரும்பாலும் வெள்ளையாகவே வரும், மேலே அங்கங்கே மை தெறித்தாற்போல் கறுப்புப் புள்ளிகளோடு. கொண்டை அப்பனைப் போலத் தாழ்ந்து பட்டாணி வடிவில் இருக்கும். அப்பன் காலும் மஞ்சளானால் குஞ்சின் காலும் மஞ்சள். அம்மாவைவிடக் கனம், அப்பனைவிடச் சாது, இரண்டுக்கும் நடுவில் முட்டை. நல்ல கோழிதான், வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். சந்தைக்குக் கொண்டுபோனால் கேட்கிற முதல் ஆள் அதை நாட்டுக்கோழி விலைக்கே எடுத்துக்கொள்வான். அடுத்த ஊரில் யாரோ அதைச் சிறுவிடை என்று நம்பி அடைக்கு விடுவார்கள். விற்பதானால் கலப்பு என்று சொல்லி விற்க வேண்டும், விலை கொஞ்சம் குறைந்தாலும்.